ஒற்றி வரைந்தது ஓவியமாகுமா?

ஓவியம் ஒன்றைப் புகழ விரும்புகிறவர், "அப்படியே இருக்கிறது!" என்கிறார். அதே ஓவியத்தை இகழ விரும்புகிறவரும், "அப்படியே இருக்கிறது, மேலே தாளை வைத்து ஒற்றியதுதானே!" என்கிறார். ஒரே தொடர் புகழாகவும் பழியாகவும் பயன்படும் இவ்விந்தை, கலையைப் பற்றி நம் மனத்தில் கிடக்கும் தெளிவின்மையைக் காட்டுகிறது. கலைஞன் உலகை உள்ளபடி காட்ட வேண்டும் என எதிர்பார்க்கிறோம். உள்ளதை உள்ளபடியே எடுத்துக்கொண்டாலோ அவன் கலைஞனல்லன் என்கிறோம்.

இத்தெளிவின்மை மிகுதியும் புலப்படும் துறை ஒன்று உண்டு. நடிகர்களை வைத்து எடுத்த திரைப்படத்தின் மேல், அசைவுக்கு அசைவு ஒற்றி வரைந்து, அவ்வரைவுகளைக் கோத்துச் சித்திரப் படமாக்கும் முறையே அது. நம் வீட்டுப் பிள்ளைகள் கார்ட்டூன் என்று சொல்லிக் கண்டு மகிழும் கலையின் ஒரு கிளை இது. பிள்ளைகள் பார்ப்பதுதானே என்று பெரியவர்கள் இதனை ஆராயாது விடுதல் முறையன்று. பல கோடிப் பேர் கண்ணை ஈர்க்கும் ஒரு கலையில் எது படைப்பு, எது நகல் என்று அறிவது திறனாய்வின் கடமை.

கருவியும் தோற்றமும்

சித்திரப் படத்தில் அசைவு என்பது கண்ணுக்கு நேரும் ஒரு மயக்கம். சிறிது சிறிதாக வேறுபடும் படங்களை விரைந்து காட்டினால், கண் அவற்றை ஒரே அசைவாகக் கொள்கிறது. பேசும் படத்தில் நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன, நிமிடத்துக்கு 1,440. ஒரு வரைவையே இருமுறை காட்டிச் சிக்கனம் செய்தாலும் நிமிடத்துக்கு 720 வரைவுகள் வேண்டும். இத்தனையையும் மனத்திலிருந்தே வரைவதாயின், நடக்கும் மனிதனின் தோள் எந்தக் கணத்தில் தாழ்கிறது, திரும்பும் பெண்ணின் ஆடை எந்தக் கணத்தில் பின்தங்குகிறது என்பனவெல்லாம் ஓவியனுக்கு மனப்பாடமாக இருத்தல் வேண்டும். தொடக்கக் காலப் படங்கள் பலவற்றில் அசைவு வெட்டி வெட்டி இழுப்பதுபோல் அமைந்ததன் காரணம் இதுவே.

இக்குறையைப் போக்கக் கருவி கண்டவர் மாக்ஸ் ஃபிளைஷர். 1883இல் கிராக்கவ் நகரில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே பெற்றோருடன் அமெரிக்காவில் குடியேறியவர். அறிவியல் மாத இதழொன்றில் ஓவியப் பொறுப்பாளராக இருந்தமையால், கலையோடு பொறியியலும் அவருக்குக் கைவந்தது. 1915இல் தம் கருவிக்குக் காப்புரிமை கோரினார். 1917இல் அது கிடைத்தது. ரோட்டோஸ்கோப் என்பது அதன் பெயர். அமைப்போ மிக எளியது. தேய்த்த கண்ணாடிப் பலகையின் பின்புறம் திரைப்படத்தின் ஒரு படம் ஒளியாக விழும்; முன்புறம் தாளை வைத்து ஓவியன் அதனை ஒற்றி வரைவான்; பிறகு படச்சுருளை ஒரு படம் நகர்த்துவான்; மீண்டும் வரைவான்.

முதல் சோதனைக்குக் கோமாளி உடையணிந்து ஆடியவர் மாக்ஸின் தம்பி டேவ். அவ்வாட்டத்திலிருந்து பிறந்தவனே பின்னர்க் கோகோ எனப் பெயர் பெற்ற கோமாளி. 1918 முதல் வெளிவந்த தொடர்படங்களில் இக்கோமாளி மைக்கூட்டிலிருந்து எழுந்து வருவான். தன்னை வரைந்தவரிடமே குறும்பு செய்வான். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பது நம் பழமொழி. இக்கலையின் வரலாறு அதற்கு நல்ல சான்றாக அமைகிறது. 1941இல் போர்க்காலச் சாங்காயில், சீனத்தின் முதல் முழுநீளச் சித்திரப் படமான இரும்பு விசிறி இளவரசியைத் தந்தவர்கள் வான் உடன்பிறப்புகள். அவர்களும் இம்முறையைத் தாராளமாகக் கையாண்டனர். 1989இல் வெளிவந்த பாரசீக இளவரசன் என்னும் கணினி விளையாட்டில் ஓடித் தாவும் வீரனும், ஆக்கியோன் ஜோர்டன் மெக்னர் தம் தம்பியை ஓடவும் குதிக்கவும் செய்து எடுத்த படத்தை ஒற்றி வரைந்தவனே. அருகிலிருக்கும் ஓர் உடலை வைத்து, அருகில் இல்லாத ஓர் உலகைக் காட்டுவது இக்கலையின் அடிப்படை.

முதல்நூலும் வழிநூலும்

ஒற்றி வரைதலைக் குறித்த பழைய குற்றச்சாட்டு ஒன்றே: இது படைப்பாகாது, கை வேலைதான். இதற்கு விடை காண வேற்று நாட்டுக் கொள்கைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. நம் இலக்கண ஆசிரியர்கள் இதே சிக்கலை நூல்களைக் குறித்து எண்ணித் தெளிந்திருக்கிறார்கள்.

அவர்கள் நூல்களை முதல்நூல், வழிநூல் எனப் பகுத்தனர். வழிநூலை அவர்கள் இழிவாகக் கருதவில்லை. தொல்காப்பிய மரபியல் அதனைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகைப்படுத்துகிறது. முதல்நூலின் முடிபோடு மாறுபடாமல் நின்று, அதே வேளையில் தனக்கு வேண்டும் வேறுபாடுகளைச் செய்துகொள்ளும் உரிமையை வழிநூலாசிரியனுக்கு நன்னூலார் அளிக்கிறார். கம்பர் வான்மீகத்தை முதல்நூலாகக் கொண்டார். அதனால் அவர் கவியல்லர் என்று கூறத் துணிந்தவர் எவருமிலர்.

எனவே, எங்கிருந்து எடுத்தான் என்று கேட்பதோடு நில்லாமல், எடுத்ததை என் செய்தான் என்று கேட்பதே நம் மரபு. நடிகர் நடித்த படம் முதல்நூல். ஒற்றிய சித்திரம் வழிநூல். இந்த அளவுகோலைக் கையில் கொண்டு சில படங்களை நோக்குவோம்.

விரித்தல்: ஒரு பாடகரின் ஆட்டம்

ஃபிளைஷர் உடன்பிறப்புகளின் சிறந்த சாதனை, நியூயார்க்கின் காட்டன் கிளப்பில் பாடிப் புகழ்பெற்ற கறுப்பினப் பாடகர் கேப் கேலோவேயின் ஆட்டத்தைப் பெட்டி பூப் படங்களில் அமைத்ததாகும். 1932இல் வெளிவந்த மின்னி தி மூச்சர் என்னும் குறும்படத்தின் தொடக்கத்தில் கேலோவேயே தம் இசைக் குழுவின் முன் வழுக்கிச் செல்லும் நடையோடு ஆடுகிறார். பின்னர், குகைக்குள் தோன்றும் ஆவியுருவான வால்ரஸ் என்னும் கடல்விலங்கு அதே நடையில் ஆடிப் பாடுகிறது. மனிதன் ஆடியபோது நயமாக இருந்த ஆட்டம், பருத்த விலங்கின் உடலில் ஏறியதும் வேடிக்கையும் அச்சமும் கலந்ததாகிறது.

1933இல் வந்த அவர்களுடைய ஸ்நோ ஒயிட் குறும்படம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அங்கே கோகோ கோமாளி நீண்ட கால்களையுடைய ஆவியாகிறான். குரலும் அடிவைப்பும் கேலோவேயினுடையவை. ஆனால் பாட்டின் பொருளுக்கேற்ப அவ்வுடல் பொற்காசாகவும் புட்டியாகவும் உருமாறுகிறது. எந்த நடிகரும் செய்ய இயலாத செயல் இது. உடல் தந்த தாளத்தை மாற்றாமல், உடலின் எல்லையை மட்டும் ஓவியன் கடக்கிறான். விரித்தல் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

ஆயினும் ஒன்றை மறைத்தல் தகாது. காட்டன் கிளப்பில் மேடையேறியவர்கள் கறுப்பினத்தார். பார்வையாளர்களாக இடம்பெற்றவர்களோ வெள்ளையர்கள். அத்தகைய காலத்தில் ஒரு கறுப்பினக் கலைஞரின் ஆட்டம் வெள்ளை முகக் கோமாளியின் உடலுக்குள் புகுத்தப்பட்டபோது, ஆட்டம் அழியாமல் காக்கப்பட்டது. ஆடியவரின் முகம் மறைந்தது. முந்தைய படத்தில் அவர் முகத்தை முதலில் காட்டியது ஒரு நேர்மை. பிந்தைய படம் கலையால் உயர்ந்தது, அந்நேர்மையில் குறைந்தது. இவ்விரண்டையும் ஒருங்கே சொல்வதே நடுநிலைமை.

மொழிபெயர்ப்பு: இளவரசியும் இளவரசனும்

வால்ட் டிஸ்னியின் முதல் முழுநீளச் சித்திரப் படம் 1937இல் வெளிவந்தது. ஏழு குள்ளர்களை ஓவியர்கள் தம் கற்பனையால் படைத்தனர். இளவரசி ஸ்நோ ஒயிட்டை அவ்வாறு படைத்தல் எளிதாக இல்லை. குள்ளன் தடுக்கி விழுந்தால் சிரிப்போம். இளவரசி தடுக்கினால் நம்பிக்கை போய்விடும். எனவே, பின்னாளில் மார்ஜ் சாம்பியன் என அறியப்பட்ட இளம் நடன மங்கையை நடிக்கச் செய்து படமெடுத்து, அதனைத் துணையாகக் கொண்டனர்.

அங்கே ஓர் உண்மை புலப்பட்டது. படத்தை உள்ளபடியே ஒற்றினால் உருவம் உயிரற்றுத் தோன்றியது. ஒளிப்படத்தில் உள்ள நிழல், தோல், மூச்சு ஆகிய ஆயிரம் நுட்பங்கள் கோட்டுக்குள் வருவதில்லை. அவற்றை இழந்த வெறும் வெளிவரை, சட்டை மட்டும் நடப்பதுபோல் ஆகிவிடுகிறது. ஆகவே ஓவியர்கள் தலையைப் பெரிதாக்கினர், கண்களை விரித்தனர், சில அசைவுகளை மிகைப்படுத்தினர், சிலவற்றை விட்டுவிட்டனர். இளவரசியை வரைந்தவருள் முதன்மையானவரான கிரிம் நாட்விக், முன்பு ஃபிளைஷர் கூடத்தில் பெட்டி பூப்பை உருவாக்கியவர் என்பது இங்கே நினைக்கத் தக்கது. சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது மொழிபெயர்ப்பாகாது என்பதை நன்கறிந்த கை அது. டிஸ்னி கூடத்தின் மூத்த ஓவியர்களான ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் வெளியிட்ட தம் நூலில் இப்படிப்பினையை விரிவாக விளக்கியுள்ளனர்.

அதே படத்தின் இளவரசனோ விறைப்பாக நிற்கிறான். மாற்றம் செய்யும் துணிவு அவனிடத்தில் ஓவியர்களுக்குக் குறைந்துவிட்டது. ஒரே படத்தில் மொழிபெயர்ப்பின் வெற்றியும் தோல்வியும் அருகருகே நிற்பதைக் காண விரும்புகிறவர் இவ்விருவரையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தோல்வியிலிருந்து கற்பன

1939இல் ஃபிளைஷர் உடன்பிறப்புகள் கலிவரின் பயணங்களைப் படமாக்கினர். கலிவர் ஒற்றி வரையப்பட்டவன். லில்லிபுட் குள்ளர்கள் கற்பனை வரைவுகள். இருவகை வரைவும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்பது பொதுவான குறை. அக்குறை உண்மையே. எனினும் வேறொரு கோணமும் உண்டு. கலிவர் அந்த ஊரான் அல்லன். அவனுடைய நடையும் எடையும் அவ்வூர் மக்களுக்குப் பொருந்தாதவை. எவ்வளவு அன்பு காட்டினாலும் அவன் அயலான் என்பதை வரைவே ஓயாது சொல்லிக்கொண்டிருக்கிறது. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர்வந்து வாழும் குடும்பங்களில் உள்ளோர்க்கு இவ்வொட்டாமையின் பொருள் விளங்காமற் போகாது. ஆனால் படைத்தோர் இதனை எண்ணிச் செய்து பயன்கொண்டதாகக் கதையில் அடையாளம் இல்லை. கிடைத்த பொருளைக் கைநழுவ விட்ட படம் என்றே அதனைச் சொல்ல வேண்டும்.

1978இல் ரால்ஃப் பாக்ஷி, டோல்கினின் பெருங்கதையை முழுவதும் நடிகர்களை வைத்து முதலில் படமெடுத்து, பின் ஒற்றச் செய்தார். முயற்சி பெரிது. ஆனால் போர்க்காட்சிகள் பலவற்றில் வரைவு குறைந்து, ஒளிநிழலை மிகைப்படுத்திய ஒளிப்படமே வண்ணம் பூசிக்கொண்டு நிற்கிறது. ஒரே பாத்திரம் ஒரு காட்சியில் சித்திரமாகவும் மறு காட்சியில் ஒளிப்படமாகவும் தோன்றும்போது, காண்போன் எந்த உலகில் இருக்கிறோம் என்று திகைக்கிறான். வழிநூல் எழுதப் புகுந்தவர் இடையிடையே முதல்நூலின் ஏடுகளையே செருகி வைத்ததற்கு இது ஒப்பாகும்.

தொகுத்தலும் தொகைவிரியும்

ஜப்பானியர் கென்ஜி இவைசாவா 2019இல் வெளியிட்ட ஓங்காக்கு என்னும் படம் தொகுத்தலுக்கு நல்ல சான்று. ஏழாண்டு உழைப்பு, 40,000க்கும் மேற்பட்ட கைவரைவுகள். இசை அறியாத மூன்று மாணவர்கள் ஒரு நாள் இசைக் குழு தொடங்குவதே கதை. முகத்தில் கண்ணுக்கு இரு புள்ளி, வாய்க்கு ஒரு கோடு என்னுமளவுக்கு உருவங்கள் எளியவை. உடலின் அசைவோ உண்மையான மனிதனுடையது. முகத்தை இவ்வளவு சுருக்கியதனால், ஒருவன் சும்மா நிற்பதும் மெல்லத் திரும்புவதும் நகைச்சுவையாகின்றன. எதை விடலாம் என்று அறிந்த கலைஞனுக்கே இது கைகூடும்.

தொகைவிரிக்கு 2017இல் வெளிவந்த லவிங் வின்சென்ட்டைக் காட்டலாம். டொரோட்டா கொபியேலாவும் ஹியூ வெல்ச்மனும் இயக்கிய இப்படத்தில் நடிகர்களை முதலில் படமெடுத்தனர்; பின்னர் ஏறத்தாழ 125 ஓவியர்கள் எண்ணெய் வண்ணத்தால் சுமார் 65,000 படங்களை வான்கோவின் பாணியில் தீட்டினர். நடிகரின் முகம் சில தூரிகை வீச்சுகளாகச் சுருங்குகிறது. அவருக்குப் பின்னுள்ள வானமோ சுழலும் வண்ணமாக விரிகிறது. கதைப்போக்கில் தொய்வு உண்டு. ஒருவர்பின் ஒருவராக வந்து வாக்குமூலம் தருவதுபோல் அமைந்துவிட்டது. ஆயினும், வான்கோவின் ஓவியங்களில் அசையாது அமர்ந்திருந்தோர் எழுந்து பேசும்போது, இரண்டு முதல்நூல்களுக்கு ஒரே வழிநூல் செய்த அருமையை மறுக்க இயலாது.

கணினியின் துணையோடு ரிச்சர்ட் லிங்க்லேட்டர் 2001இல் தந்த வேக்கிங் லைஃப் வேறொரு பாடம் கற்பிக்கிறது. அதில் ஒவ்வொரு பாத்திரமும் வெவ்வேறு ஓவியர் கையில் வெவ்வேறு பாணி பெறுகிறது. கோடுகள் நிலைகொள்ளாமல் மிதக்கின்றன. கதையோ கனவிலிருந்து விழிக்க முடியாத ஒருவனைப் பற்றியது. பிற படங்களில் குறையாகக் கருதப்படும் நடுக்கம் இங்கே பொருளுக்குப் பொருத்தமாகி நிற்கிறது.

சொல்லப்படாத பெயர்

இதுகாறும் கலை நயம் பற்றிக் கூறினோம். இனி அறம் பற்றியும் ஒன்று கூற வேண்டும். நன்னூலார் சிறப்புப் பாயிரத்தில் இடம்பெற வேண்டுவன எட்டு என்கிறார். அவற்றுள் முதலாவது ஆக்கியோன் பெயர், இரண்டாவது வழி. அதாவது, இந்நூல் எதிலிருந்து வந்தது என்று சொல்லியாக வேண்டும். வழிநூல் செய்வது குற்றமன்று. வழியைச் சொல்லாது மறைப்பதே குற்றம்.

இவ்வளவையால் நோக்கினால், 1937ஆம் ஆண்டுப் படத்தின் பெயர்ப் பட்டியலில் மார்ஜ் சாம்பியனின் பெயர் இல்லாமை பெருங்குறையாகும். அப்படத்தைக் கண்டோர் இளவரசியின் நடையைக் கண்டனர், நடந்தவரை அறியவில்லை. அவர் தம் 101ஆம் வயதில் 2020இல் மறைந்தார். இன்று அவர் பெயர் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. ஆனால் பெயர் அறியப்படாமலே போனவர் எத்துணைப் பேரோ!

இது பழங்கதை அன்று. ஒற்றி வரைதலின் வழித்தோன்றலாக, நடிகரின் உடலசைவைக் கருவிகளால் பதிந்து கணினி உருவத்துக்கு ஏற்றும் முறை வளர்ந்துள்ளது. தமிழர் அறிந்த எடுத்துக்காட்டு 2014இல் வெளிவந்த கோச்சடையான். ரஜினிகாந்தின் நடையைத் தமிழ்நாட்டில் அறியாதார் இலர். அந்நடை அங்கே பதிவாகியிருக்கிறது. ஆனால் அதற்கு உயிர் தரும் கண்ணின் குறும்பு உருவத்தில் ஏறவில்லை. கருவி அளந்ததை, ஓவியன் கை மீண்டும் தேர்ந்து அமைக்க வேண்டும் என்னும் 1937இன் படிப்பினையே இங்கும் நினைவுக்கு வருகிறது. இப்போதோ, நடித்த படத்தைக் கொடுத்தால் ஓவியம்போல் மாற்றித் தரும் செயற்கை அறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. 2023இல் அமெரிக்க நடிகர் சங்கத்தார் 118 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, தம் உருவத்தையும் அசைவையும் எண்முறை நகலாக எடுத்து, ஒப்புதலும் ஊதியமும் இன்றிப் பயன்படுத்தலாகாது என்பது அவர்களுடைய முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்று. பாயிரத்தில் வழியைச் சொல் என்று நம் இலக்கண ஆசிரியர் விதித்ததன் ஆழம் இப்போது நன்கு விளங்குகிறது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இரண்டு. ஒற்றி வரைந்தமையால் மட்டும் ஒரு படம் தாழ்ந்துவிடாது. எதை விட்டான், எதை மிகுத்தான், எதற்காக என்று கேட்டு விடை கிடைத்தால் அது கலையே. அவ்விடை கிடைக்காவிடில், கருவி எவ்வளவு நுட்பமாயினும் அது நகலே. இஃது ஒன்று. யாருடைய உடலிலிருந்து அக்கோடு பிறந்ததோ அவர் பெயரையும் உரிமையையும் போற்றாத கலை, கலையாயினும் கடன்பட்டே நிற்கும். இது மற்றொன்று.

வெளி மாநிலங்களில் வாழும் நம் பிள்ளைகள் தமிழ் எழுத்துகளைப் புள்ளியிட்ட கோட்டின்மேல் ஒற்றியே பழகுகின்றனர். அவ்வாறு பழகிய அகரம் சில மாதங்களில் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒவ்வொரு சாயல் பெறுகிறது. ஒன்று சாய்ந்திருக்கும், ஒன்றின் சுழி பெருத்திருக்கும். ஆசிரியர் அதனைப் பிழையென்று அடிப்பதில்லை, கையெழுத்து என்கிறார். ஒற்றி வரைந்த படத்திலும் நாம் தேட வேண்டுவது அக்கையெழுத்தையே. பிள்ளைகள் அடுத்த முறை சித்திரப் படம் காணும்போது பெற்றோர் உடனமர்ந்து, "இப்படி நடந்தவர் யார்? அதனை இப்படி மாற்றியவர் யார்?" என்று இரு கேள்விகள் கேட்பார்களாயின், நல்ல சுவைஞர்கள் நம் இல்லங்களிலேயே உருவாவார்கள்.